தினமும் ஆடினாலும் அலுக்காத கோல்ஃப் மைதானம் எது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

விடியல் டீ:

பெயர் பெற்ற மைதானங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆயுளில் ஒரு முறை போய் ஆடிவிட்டு வர அவை அருமையான இடங்கள்தான். நான் கேட்க நினைப்பது வேறு. இன்று ஆடிய இடத்திலேயே நாளையும் ஆட வேண்டும், அடுத்த வாரமும் அங்கேதான் என்றால் எப்படிப்பட்ட மைதானம் உங்களுக்கு வேண்டும்? ஆடிப் பார்த்த இடங்களை வைத்துச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன். நான் வழக்கமாக ஆடும் மைதானத்தில் நான்காவது ஹோல் ஒரு சின்ன பார் 4, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது. தூரம் 290 யார்டுதான். ஃபேர்வே, அதாவது புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதை, நல்ல அகலம். ஆனால் டீயிலிருந்து (முதல் அடியை அடிக்கும் இடம்) 210 யார்டில், நட்ட நடுவில் ஒரு பங்கர் (மணல் குழி) இருக்கிறது. அதற்கு இடது பக்கம் தாராளமான இடம், பயமில்லாமல் அடிக்கலாம். வலது பக்கம் குறுகல், ஓரத்தில் உயரமான புல். சிக்கல் என்னவென்றால், கிரீனின் (குழியும் கொடியும் இருக்கும் வழவழப்பான புல்பரப்பு) வாய் வலது பக்கம் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. இடது பக்கத்திலிருந்து வருபவர் ஓர் ஆழமான பங்கரைத் தாண்டி அடிக்க வேண்டும். தாண்டிய பந்தும் நிற்காது, பின்னால் ஓடிவிடும்.

காற்று பின்னாலிருந்து வந்தால் அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்து நடு பங்கரைத் தாண்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். எதிர்க்காற்று என்றால் அதைவிடக் குறைவாகப் போகும் 5 அயர்ன் எடுத்து பங்கருக்கு முன்னாலேயே பந்தை வைத்துக்கொள்வேன். கொடி முன் இடது மூலையில் இருக்கும் நாளில், அந்தக் குறுகலான வலது பக்கத்தை முயற்சி செய்தே ஆக வேண்டும். இவ்வளவு காலம் ஆடியும், டீக்குப் போய் நின்று காற்றைப் பார்க்கும் வரை எந்த கிளப் (மட்டை) என்று என்னால் சொல்ல முடியாது. வேறு எந்த ஹோலையும்விட எனக்கு அது பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ரிவியேராவின் பத்தாவது ஹோல் இந்த வகைக்குப் பெயர் போனது. ஜார்ஜ் தாமஸ் 1920களில் வடிவமைத்தது. 315 யார்டுதான். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அது ஒரே அடியில் எட்டும் தூரம். ஆனாலும் இடது பக்கம் பந்தை வைத்து வெட்ஜில் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) போவதா, நேராக கிரீனுக்கே அடிப்பதா என்று அவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கிரீன் அவ்வளவு ஒடுக்கம், அதுவும் குறுக்காகப் படுத்திருக்கிறது. நீளம் இல்லாத ஹோல் நூறு வருடமாக ஆட்களை யோசிக்க வைக்கிறது என்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

நடந்தே ஆடுபவன்:

ஹோல்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஹோல்களுக்கு இடையில் இருப்பதைப் பேச வேண்டும். நான் விருந்தாளியாகப் போய் ஆடிய ஒரு புது மைதானத்தில் கிரீன்கள் பிரமாதம், பராமரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கிரீனை முடித்துவிட்டு அடுத்த டீக்குப் போக ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற வேண்டும். ஒரு இடத்தில் சாலையைக் கடந்து, ஒரு மேட்டைச் சுற்றி, அப்புறம்தான் டீயே கண்ணில் படும். பட்டிங்கில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) கிடைத்த உற்சாகம் அந்தப் பயணத்திலேயே வடிந்துவிடும். கூட ஆடுகிறவரோடு பேசக்கூட வாய்ப்பில்லை, அவர் வேறு வண்டியில் இருப்பார்.

நான் வாரம் முழுக்க ஆடும் மைதானத்தில் அடுத்த டீ, கிரீனை ஒட்டியே இருக்கும். முதலில் முடித்தவர் பட்டரைப் பையில் போட்டுவிட்டு அப்படியே டீக்குப் போய்விடுவார். 18 ஹோல் நடந்து முடித்தாலும் உடம்பு அடுத்த நாளுக்குத் தயாராக இருக்கும்.

1744இல் ஸ்காட்லாந்தின் லீத் ஆட்டக்காரர்கள் எழுதி வைத்த 13 விதிகளில் முதல் விதியே, முடித்த குழியிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள் அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைக்க வேண்டும் என்பதுதான். இன்றைக்கு அது நடக்காது, கிரீன் நாசமாகிவிடும். ஆனால் ஆட்டம் முதலில் எவ்வளவு இடைவெளி இல்லாமல் ஓடியது என்பதற்கு அது சாட்சி. மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் கிரீனுக்கும் அடுத்த டீக்கும் இடையே நடை குறைவாக இருக்க வேண்டும் என்பதை நல்ல மைதானத்தின் இலக்கணங்களில் ஒன்றாக வைத்தார். அவர் படித்தது மருத்துவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பேண்டன் டியூன்ஸ் 1999இல் திறந்தபோது நடந்துதான் ஆட வேண்டும் என்று வைத்தார்கள். உடல் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அப்படி வைத்தும் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

புல்லுக்குள் பந்து:

எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் பந்தைத் தேடுகிறோம்?

முன்பு உறுப்பினராக இருந்த மைதானத்தில் இரண்டு பக்கமும் அடர்ந்த மரங்கள். ஃபேர்வேயை விட்டுப் பத்தடி போனால் முழங்கால் உயரப் புல். நான்கு பேர் சேர்ந்து ஆடினால் எப்போதும் யாராவது ஒருவருடைய பந்தை மற்ற மூன்று பேரும் குச்சியைப் புல்லுக்குள் விட்டுத் தேடிக்கொண்டிருப்போம். பின்னால் வரும் குழு இடுப்பில் கை வைத்து நிற்கும். தொலைத்தவருக்கு வெட்கம், மற்றவர்களுக்கு எரிச்சல். 2019இல் விதி மாறித் தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் தேட வேண்டிய நிலைமை அப்படியேதான் இருந்தது. என் நண்பர் ஒருவர், நன்றாக ஆடக்கூடியவர், அங்கேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். வயதோ தோல்வியோ காரணமில்லை. "தினம் காட்டில் நடப்பதற்கு கோல்ஃப் எதற்கு?" என்று என்னிடம் கேட்டார்.

இப்போது ஆடும் இடம் அகலமானது. அகலம் என்றதும் சிலர் "அப்போ சுலபம்" என்று நினைக்கிறார்கள். இங்கே கோணல் அடிக்கும் பந்து கிடைத்துவிடும், அடுத்த அடியையும் அடிக்கலாம், ஆனால் அந்த இடத்திலிருந்து கொடிக்குப் போவது கஷ்டம். தண்டனை இருக்கிறது. ஆனால் ஆட்டம் நிற்பதில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுவதற்கும், முப்பது யார்டு உருட்டி எப்படியாவது கிரீனில் ஏற்ற முடியுமா என்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த உருட்டும் ஷாட்டில்தான் எனக்கு உயிர் இருக்கிறது.

அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானம் இதற்கு நல்ல உதாரணம். டொனால்ட் ராஸ் உருவாக்கியது. காலப்போக்கில் அடர்ந்த ரஃப் (ஓரத்து உயரமான புல்) வளர்ந்து ஃபேர்வே ஒடுங்கிப்போனது. 2010, 2011இல் வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அந்த ரஃபை எடுத்துவிட்டு, பழைய அகலத்தையும் ஓரத்தில் இயற்கையான மணலையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2014இல் ஆண்கள் யு.எஸ். ஓப்பன் போட்டி, அடுத்த வாரமே பெண்கள் யு.எஸ். ஓப்பன், இரண்டும் அங்கேயே நடந்தன. உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கும் விடுமுறைக்கு வந்து ஆடுகிறவர்களுக்கும் ஒரே நிலம் போதுமாக இருக்கிறது. ரஃப் இல்லாமலேயே.

கடினம்தான் இனிமை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அகலமாக, மென்மையாக, யாரையும் சிரமப்படுத்தாத ஒரு மைதானத்தில் நானும் உறுப்பினராக இருக்கிறேன். முதல் சில மாதங்கள் ஸ்கோர் நன்றாக வந்தது, சந்தோஷம்தான். அப்புறம் டிரைவரை எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், எங்கிருந்தும் 8 அயர்ன், கிரீன் தட்டையாக இருப்பதால் எந்த பட்டும் நேர்க்கோடு என்றாகிவிட்டது. மூன்றாவது ஹோலுக்கும் பதினோராவது ஹோலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் பாதியிலேயே கிளம்பி வந்துவிட்டேன். வேலை ஒன்றுமில்லை, மனம்தான் இல்லை.

அதற்குப் பிறகு இறுக்கமான ஒரு மைதானத்துக்குப் போனேன். தண்ணீர், மரம், ஆழமான பங்கர் எல்லாம் உண்டு. அங்கே பார் எடுத்தால் அது பார். தம்பி ("புல்லுக்குள் பந்து") சொல்வது போல் தேடுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேடினாலும் பரவாயில்லை, கேள்வியே கேட்காத மைதானம் எனக்கு வேண்டாம்.

விடியல் டீ:

அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை முக்கியம்: தட்டையான கிரீன். அகலம் உங்களை அலுக்க வைக்கவில்லை. அகலத்தின் முடிவில் கிரீன் எதையும் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸைவிட அகலமான இடம் கிடைப்பது கஷ்டம். அங்கே 7 கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள், ஒரே கிரீனில் இரண்டு ஹோல்களின் கொடிகள் நிற்கும். தனிக் கிரீன் இருப்பது 1, 9, 17, 18 ஆகிய நான்குக்கு மட்டும்தான். ஆனால் நிலம் முழுக்க மேடு பள்ளம். அகலத்தில் எந்த இடத்தில் பந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த ஷாட் மாறிவிடுகிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921இல் அங்கே முதல் முறை ஆடியபோது வெறுத்துப்போய்ப் பாதியில் ஆட்டத்தைக் கைவிட்டார். 1927இல் அதே இடத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். கடைசி வரை அவருக்கு மிகப் பிடித்த மைதானம் அதுதான். முதல் சுற்றிலேயே முழுதாகப் புரிந்துவிடும் இடத்தில் தினமும் ஆட என்ன இருக்கிறது?

மோவர் ஓட்டுபவன்:

மைதானப் பராமரிப்பில் பல வருடமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

மைதானத்தைத் தினமும் புதிதாக்குவது குழி வெட்டுபவர்தான். விடிவதற்கு முன் கிரீனுக்குப் போய், நேற்றைய குழியைச் சுற்றிப் பார்ப்பேன். ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, காலடிகள் எந்தப் பக்கம் அதிகம் என்று தெரியும். புது இடம் முடிவானதும் வெட்டும் கருவியை நேராக நிறுத்தி, முறுக்கி இறக்கி, மண்ணோடு அந்த உருளையை வெளியே எடுப்போம். 108 மில்லிமீட்டர் அகலம். உள்ளே வைக்கும் கிண்ணத்தின் விளிம்பு தரைமட்டத்திலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். எடுத்த உருளையைப் பழைய குழியில் வைத்து, மட்டம் பார்த்து அழுத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். சரியாகச் செய்தால் அதன் மேல் பட் அடிப்பவருக்கே தெரியாது.

இந்த வேலைக்கு மூலதனம் கிரீனில் உள்ள இடங்கள். ஒரு கிரீனில் குழி வைக்க நான்கைந்து நல்ல மூலைகள் இருந்தால், அதே ஹோல் நான்கைந்து ஹோல்களாகிவிடும். இங்கேதான் வேகம் குறுக்கே வருகிறது. உறுப்பினர்கள் டிவியில் பார்த்துவிட்டு "கிரீனை வேகமாக்குங்கள்" என்பார்கள். பந்து எத்தனை அடி உருள்கிறது என்று பார்த்து வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன் 1930களில் உருவாக்கினார். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1970களில் அதைத் திருத்திப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நோக்கம் 18 கிரீன்களும் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்ப்பது. பக்கத்து மைதானத்தோடு போட்டி போடுவதற்காக அது வரவில்லை. சரிவு உள்ள கிரீனில் 9, 10 அடி வேகம் இருந்தால் அந்தச் சரிவுகளின் பக்கத்திலேயே குழி வைக்கலாம். 12 அடிக்குக் கொண்டுபோனால் பந்து அங்கே நிற்காது. நல்ல மூலைகளை எல்லாம் விட்டுவிட்டு, தட்டையாக உள்ள ஒன்றிரண்டு இடங்களுக்கே தினமும் திரும்ப வேண்டியதுதான். அந்த இடங்களும் மிதிபட்டுச் சீக்கிரம் தேய்ந்துவிடும். சில மைதானங்கள் அதற்காகச் சரிவையே உடைத்துத் தட்டையாக்கிவிட்டன. எனக்கு அது மனசு பொறுக்கவில்லை.

இன்னொன்று தண்ணீர். பச்சைப் பசேல் என்று இருந்தால்தான் நல்ல மைதானம் என்ற எண்ணம் போக வேண்டும். குறைவாகத் தண்ணீர் விட்டால் தரை இறுகும், பந்து உருளும். பந்து உருண்டால்தான் மேடு பள்ளத்துக்கு வேலை. ஈரத் தரையில் விழுந்த இடத்திலேயே பந்து புதைந்து நிற்கும்போது வடிவமைத்தவர் செய்து வைத்த எதுவும் ஆட்டத்துக்குள் வராது. மணற்பாங்கான நிலத்தில் இது சுலபம், மழை பெய்தாலும் வடிந்துவிடும். களிமண் என்றால் வடிகால், மேலே மணல் தூவுதல் என்று வருடக்கணக்கில் உழைக்க வேண்டும்.

முன் டீ:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் நீளமாக அடிப்பவர்கள் என்று நினைக்கிறேன். என் பக்கம் வேறு.

நான் ஆட ஆரம்பித்த மைதானத்தில் பெண்களுக்கான டீ 5,700 யார்டு. பார்க்கக் குறைவாகத் தெரியும். என் டிரைவர் 150 யார்டு போகும். அந்தக் கணக்கில் எந்த பார் 4 கிரீனுக்கும் இரண்டில் எட்ட முடியாது. டிரைவர், 3 வுட், மறுபடி வுட், சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து சின்ன அடி). அடுத்த ஹோலும் அதேதான். பையில் 14 கிளப் வைத்துக்கொள்ளலாம் என்று விதி, நான் நான்கைத்தான் தொடுவேன். ஒரு ஹோலில் கிரீனுக்கு முன்னால் குளம், சுற்றிப் போக வழியே கிடையாது. ஒவ்வொரு முறையும் குளத்துக்கு முன்னால் பந்தை நிறுத்தி, தாண்ட முடியுமா என்று வேண்டிக்கொண்டு அடிப்பேன். என் கணவர் அந்த ஹோலை மைதானத்திலேயே அழகானது என்பார். எனக்கு அங்கே போகவே பிடிக்காது.

அப்புறம் நாங்கள் மாறிய மைதானத்தில் 4,300 யார்டில் ஒரு டீ போட்டிருக்கிறார்கள். புல்வெளியில் இரண்டு குறிகளை நட்டுவிட்டுப் போகவில்லை. தனியாக மட்டம் செய்து, கோணம் பார்த்து அமைத்திருக்கிறார்கள். முதல் நாளே 7 அயர்னில் ஒரு கிரீனுக்கு அடித்தேன். அந்த கிளப்பை அதுவரை பயிற்சித் திடலில் மட்டும்தான் தொட்டிருந்தேன். என் கணவர் பேசும் பங்கர்கள், கோணங்கள் எல்லாம் எனக்கும் அன்றைக்குத்தான் அர்த்தமாயின, ஏனென்றால் என் பந்தும் அவர் பந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. இருவரும் ஒரே ஹோலை ஆடினோம். அமெரிக்காவில் 2011இல் "டீ இட் ஃபார்வர்டு" என்று யு.எஸ்.ஜி.ஏ.வும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பி.ஜி.ஏ.வும் சேர்ந்து ஓர் இயக்கமே நடத்தின. அவரவர் அடிக்கும் தூரத்துக்கு ஏற்ற டீயிலிருந்து ஆடுங்கள் என்பதுதான் விஷயம். ஆண்களும் கேட்க வேண்டிய அறிவுரை அது.

இன்னொன்றும் சேர்க்கிறேன். கிரீனின் வாய் திறந்திருக்க வேண்டும். உயரமாக அடித்து நிறுத்த எல்லோராலும் முடியாது. முன்னால் தரையில் விழுந்து உருண்டு ஏற ஒரு பாதை இருந்தால் என் வயதில் உள்ளவர்களும் எண்பது வயதைத் தொட்டவர்களும் ஆட்டத்தில் இருப்பார்கள்.

சாயங்கால ஒன்பது:

அம்மா சொன்னதற்கு ஒரு கும்பிடு. என் பங்குக்குச் சுருக்கமாக: நேரம். தினமும் 18 ஹோல் ஆட எத்தனை பேரால் முடியும்? வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும் வரை ஆடக்கூடிய மைதானம்தான் எனக்குத் தினசரி மைதானம். எங்கள் இடத்தில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது ஹோல்கள் கிளப்ஹவுஸ் பக்கமே திரும்பி வருகின்றன. மூன்று ஆடிவிட்டும் கிளம்பலாம், ஆறு ஆடிவிட்டும் கிளம்பலாம்.

18 என்பது வானத்திலிருந்து இறங்கிய எண் இல்லை. ஓல்ட் கோர்ஸிலேயே ஒரு சுற்று 22 ஹோலாக இருந்து 1764இல்தான் 18 ஆனது. 1860இல் முதல் ஓப்பன் நடந்த பிரெஸ்ட்விக்கில் 12 ஹோல்தான், மூன்று சுற்று ஆடினார்கள். ஹேண்டிகேப்புக்கு (ஒருவரின் ஆட்டத் திறனைக் காட்டும் கணக்கு) 9 ஹோல் ஸ்கோரும் செல்லும். பிறகென்ன?

நடந்தே ஆடுபவன்:

ஹோல்கள் திரும்பி வருவதில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஒரே திசையில் போய் ஒரே திசையில் திரும்பும் மைதானத்தில், பலமான காற்று நாளில் ஒன்பது ஹோல் எதிர்த்துப் போராட்டம், ஒன்பது ஹோல் சவாரி. ஸ்காட்லாந்தின் மியுர்ஃபீல்டில் முதல் ஒன்பது வலஞ்சுழியாகவும், பின் ஒன்பது அதற்கு உள்ளே இடஞ்சுழியாகவும் போகும். அடுத்தடுத்த ஹோல்களில் காற்று ஒரே பக்கமிருந்து வருவது அபூர்வம். இயற்கை தருவதை முழுசாக வாங்கிக்கொள்ளும் அமைப்பு அது.

கடினம்தான் இனிமை:

எல்லாவற்றையும் படித்தேன். என் மென்மையான மைதானத்தை இடித்துக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. மோவர் ஓட்டும் நண்பரே, தட்டையான கிரீனை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? கமிட்டியில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, பேசிப் பார்க்கிறேன்.

மோவர் ஓட்டுபவன்:

பழைய மைதானம் என்றால் முதலில் கிரீன் சுருங்கியிருக்கிறதா பாருங்கள். ஓரத்தை வெட்டிவிடுவோமோ என்று பயந்து ஒவ்வொரு ஓட்டுநரும் கொஞ்சம் உள்ளே தள்ளியே ஓட்டுவார். பல வருடத்தில் கிரீன் வட்டமாகிவிடும், ஓரங்களில் இருந்த நல்ல மூலைகள் ரஃபுக்குள் போய்விடும். நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் தட்டையான பகுதிதான். மண் எடுக்கும் குழாயை கிரீனின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வோர் அடிக்கும் இறக்கிப் பாருங்கள். வருடா வருடம் தூவிய மணல் ஒரு தனி அடுக்காகத் தெரியும். அந்த அடுக்கு எங்கே நிற்கிறதோ அதுதான் பழைய கிரீனின் எல்லை. அதுவரை வெட்டும் உயரத்தைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒரேயடியாக இறக்கினால் புல் செத்துவிடும்.

அடுத்து, கிரீனைச் சுற்றி உள்ள உயரமான புல்லை ஃபேர்வே அளவுக்குக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். இப்போது தவறிய பந்து அந்தப் புல்லில் சிக்கி நிற்கும், எல்லோரும் ஒரே வெட்ஜால் ஒரே மாதிரி கிளப்பி விடுவார்கள். குட்டையாக இருந்தால் பந்து இன்னும் தள்ளிப் போய் நிற்கும், ஆனால் பட்டரா, 7 அயர்னால் உருட்டுவதா, வெட்ஜா என்று கேள்வி வரும். உங்களைப் போன்றவருக்கு முன்பைவிடக் கடினம். புதிதாக ஆடுபவருக்கு பட்டரை எடுத்துக்கொண்டு போக வழி. இரண்டுக்கும் செலவு அதிகமில்லை.

கடினம்தான் இனிமை:

குழாயை வாங்கிக்கொண்டு நேற்று சாயங்காலம் பராமரிப்பு மேற்பார்வையாளரோடு போய்வந்தேன். பதினோராவது கிரீனின் பின் வலது பக்கத்தில் மணல் அடுக்கு இப்போதைய விளிம்பைத் தாண்டிப் பதினைந்து அடி போகிறது. அங்கே ஒரு சின்ன மேடை, அதற்குப் பின்னால் சரிவு. கமிட்டி முதலில் அந்த ஒரு கிரீனுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறது.